வீட்டு ரிப்பேர்: கான்ட்ராக்டரைத் தேர்வதும் தவணை பேசுவதும்

முதல் தடவை பாத்ரூமை இடித்துக் கட்டியபோது, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே பேசிய தொகையில் முக்கால்வாசியைக் கொடுத்துவிட்டேன். அதன்பிறகு கான்ட்ராக்டர் போனை எடுப்பதே அபூர்வமாகிவிட்டது. ஆள் ஏமாற்றுக்காரர் இல்லை. மீதி வேலைக்கு ஆகும் செலவு நான் தரவேண்டிய பாக்கியைவிட அதிகம். வந்து முடித்தால் அவருக்குத்தான் நஷ்டம். அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ளத்தான் இவ்வளவும்.

படி 1: வேலையைத் தாளில் எழுதுங்கள்

"பாத்ரூம் ரிப்பேர்" என்று எழுதினால் போதாது. பழைய டைல்ஸ் உடைப்பது, இடிசலை அள்ளி வெளியேற்றுவது, பைப் மாற்றுவது, வாட்டர்ப்ரூஃபிங், பெயின்ட் எத்தனை கோட், பொருள் யார் வாங்குவது, எந்த பிராண்டு என்று எல்லாம் வரட்டும். அதே தாளை மூன்று பேரிடம் கொடுத்து கொட்டேஷன் வாங்குங்கள். ஒருவர் மட்டும் ரொம்பக் குறைத்துச் சொன்னால், எதை விட்டிருக்கிறார் என்று வரிவரியாகத் தேடுங்கள்.

படி 2: நேரில் போய்ப் பாருங்கள்

செல்போனில் காட்டும் போட்டோ யார் வீட்டுடையதோ! அவர் முடித்த வீடு ஒன்று, வேலை நடக்கும் வீடு ஒன்று, இரண்டையும் பாருங்கள். முடித்த வீட்டில் டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டுங்கள். கெட்டியாக ஒலித்தால் சரி. பொள்ளலாக ஒலித்தால் அடியில் கலவை நிரம்பவில்லை. வேலை நடக்கும் இடத்தில் சிமென்ட் மூட்டை பலகைமேல் இருக்கிறதா, ஈரத்தரையில் கிடக்கிறதா என்று கவனியுங்கள்.

வீட்டுக்காரரிடம் "வேலை நல்லா இருக்கா?" என்றால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "ஏதாவது தப்பானப்போ என்ன செஞ்சார்?" என்று கேளுங்கள்.

படி 3: தவணையைப் பிரியுங்கள்

தேதிக்குப் பணம் என்று பேசாதீர்கள். முடிந்த வேலைக்குத்தான் பணம். ஒரு பாத்ரூமுக்கு நான் இப்போது பிரிப்பது இப்படி:

அட்வான்ஸ் 10%
இடித்து, பைப் போட்டு, கசிவு சோதித்த பிறகு 20%
வாட்டர்ப்ரூஃபிங் தேறியதும் 25%
டைல்ஸ் முடிந்ததும் 25%
குழாய், விளக்கு, பெயின்ட் முடிந்ததும் 10%
புழங்கிப் பார்த்து ஒரு மாதம் கழித்து 10%

மூன்றாவது தவணையில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. தண்ணீர் போகும் வாயை அடைத்து, தரையில் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். தண்ணீர் அந்தப் பென்சில் கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கினாலோ கீழ்க்கூரையில் ஈரம் தெரிந்தாலோ டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி உடைக்க வேண்டும்.

"பொருள் வாங்கணும், பாதி கொடுங்க" என்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கலாம். அப்படியானால் பொருளுக்குக் கடையில் நீங்களே கட்டி, உங்கள் பெயரில் பில் வாங்குங்கள். கூலித் தவணையை அதோடு கலக்காதீர்கள்.

படி 4: எக்ஸ்ட்ரா வேலை

பாதியில் "இதையும் சேர்த்துப் பண்ணிடலாமே" என்ற பேச்சு வரும், சில சமயம் நம் வாயிலிருந்தே. என்ன வேலை, எவ்வளவு தொகை, எத்தனை நாள் கூடும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி, அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகே தொடங்கச் சொல்லுங்கள்.

சுவரைப் பூசி மூடும் முன், பைப்பும் வயரும் போகும் வழியில் அளவு டேப்பை வைத்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பின்னாளில் கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் போட்டோவைத்தான் தேடுவீர்கள்.