டீக்கடையில் இரண்டு பேர்: ஷாட்டிலும் எடிட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சினிமா படிக்கச் சேர்ந்தவர்களுக்குத் தரப்படும் ஆரம்பப் பயிற்சிகளில் ஒன்று, இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சி. சண்டை இல்லை, பாட்டு இல்லை, டிரோன் இல்லை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, இரண்டு டீ கிளாஸ், அவ்வளவுதான். பார்க்க எளிதாக இருக்கும் இந்தக் காட்சியில்தான் அடிப்படைத் தவறுகள் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். எடுக்கும்போது ஒவ்வொரு ஷாட்டும் நன்றாகத்தான் தெரியும். எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் வரிசையாக அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டாது. ஷாட்டைப் போட்டோ மாதிரி தனியாக யோசித்து எடுத்ததுதான் பெரும்பாலும் காரணம். இதற்கு முன்னால் எந்த ஷாட் வரும், பின்னால் எது வரும் என்ற கேள்வி ஸ்பாட்டில் யாருக்கும் வந்திருக்காது.

அந்தக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். ஒரு டீக்கடை. இடது பக்கம் அண்ணன், வலது பக்கம் தங்கை. வீட்டை விற்பதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

லைனைத் தாண்டுவது

இருவர் பார்வையையும் இணைத்து ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். யூனிட்டில் இதை இமேஜினரி லைன் என்பார்கள். அந்தக் கோட்டின் ஒரு பக்கத்து 180 டிகிரிக்குள் கேமரா எங்கு வேண்டுமானாலும் போகலாம், மறுபக்கம் போகக் கூடாது. எல்லோரும் வகுப்பில் எழுதிக்கொள்ளும் பாடம்தான் இது. ஸ்பாட்டில் எப்படி மறக்கிறது என்றால், இருவரும் சேர்ந்து தெரியும் மாஸ்டர் ஷாட்டை ரோட்டுப் பக்கம் இருந்து எடுப்பார்கள், அண்ணனின் முகத்தை நெருக்கமாகக் காட்டும் க்ளோஸையும் அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். தங்கையின் க்ளோஸுக்கு வரும்போது வெயில் நகர்ந்திருக்கும். பாய்லர் பக்கம் வெளிச்சம் அழகாக இருக்கும். கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். எடிட்டில் பார்த்தால் அண்ணனும் வலது பக்கம் பார்க்கிறார், தங்கையும் வலது பக்கம் பார்க்கிறார். இரண்டு பேரும் ஃப்ரேமுக்கு வெளியே இருக்கும் மூன்றாவது ஆளிடம் பேசுவது போல இருக்கும்.

கால்பந்து ஒளிபரப்பில் முக்கியக் கேமராக்கள் எல்லாம் மைதானத்தின் ஒரே பக்கம் இருப்பதற்கும் இதுதான் காரணம். எதிர்ப்பக்கத்திலிருந்து ரீப்ளே காட்டினால் 'ரிவர்ஸ் ஆங்கிள்' என்று எழுதிப் போடுவார்கள். இல்லாவிட்டால் நம் ஆள் நம் கோலையே நோக்கி ஓடுவது போலத் தெரியும்.

லைனைத் தாண்டவே கூடாதா? தாண்டலாம், பார்க்கிறவர் கண்ணெதிரே தாண்ட வேண்டும். ஒரே ஷாட்டில் கேமரா நகர்ந்து மறுபக்கம் வரலாம். நடிகர் எழுந்து இடம் மாறலாம், அப்போது லைனும் கூடவே மாறும். லைன் மேலேயே நின்று எடுத்த ஒரு ஷாட்டை நடுவில் வைக்கலாம். கிளாஸை மட்டும் நெருக்கமாகக் காட்டும் இன்செர்ட்டோ பாய்லரின் ஆவியோ, பேசுபவர்களை விட்டு வேறொன்றைக் காட்டும் ஒரு கட்டவே ஆகப் பயன்படலாம். அந்தக் கட்டவேயை அன்றைக்கே எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி கை, கிளாஸ், ரோடு, பெஞ்சுக்கு அடியில் படுத்திருக்கும் நாய் என்று எடுத்து வைத்தால் எடிட்டில் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்காது.

போன் பேசும் காட்சியிலும் இதே கதைதான். இருவரும் வேறு வேறு ஊரில் இருந்தாலும் ஒருவர் இடமிருந்து வலமாகப் பார்த்தால் மற்றவர் வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும். இரண்டையும் வேறு வேறு நாளில் எடுப்பதால் இதை மறப்பது சுலபம்.

லுக்கின், அதாவது பார்வையின், உயரத்தையும் கவனியுங்கள். தங்கை எழுந்து நின்று பேசுகிறாள் என்றால், உட்கார்ந்திருக்கும் அண்ணனின் க்ளோஸில் அவன் கண் மேலே போக வேண்டும். அண்ணனுக்கு க்ளோஸ் எடுக்கும் நேரத்தில் தங்கையாக நடிப்பவர் போனை சார்ஜ் போடப் போயிருப்பார். சுவரைப் பார்த்து வசனம் பேசிய முகம் எடிட்டில் சுவரைப் பார்த்த முகமாகவே தெரியும். எதிரே நடிப்பவரை லென்ஸை ஒட்டி உட்கார வைத்து, ஃப்ரேமில் இல்லாவிட்டாலும் முழு வசனத்தையும் சொல்லச் செய்யுங்கள்.

கிளாஸை எடுக்கும் கை

மாஸ்டரில் அண்ணன் கையை நீட்டுகிறான். "சரி, க்ளோஸ் தனியா எடுக்கிறோமே" என்று அங்கேயே கட் சொல்லிவிடுகிறார் இயக்குநர். க்ளோஸ் தொடங்கும்போது கிளாஸ் உதட்டில் இருக்கிறது. நடுவில் கை போன பாதை எந்த ஷாட்டிலும் இல்லை. எடிட்டர் என்ன செய்வார்? எங்கே வெட்டினாலும் ஜெர்க் அடிக்கும்.

கையை நீட்டுவது, கிளாஸைத் தூக்குவது, குடிப்பது, கீழே வைப்பது என முழுச் செயலையும் மாஸ்டரிலும் எடுக்க வேண்டும், க்ளோஸிலும் எடுக்க வேண்டும். அப்போதுதான் கிளாஸ் மேஜையை விட்டுக் கிளம்பும் அந்த நொடியில் வெட்ட முடியும். அசைவின் நடுவில் வெட்டினால் பார்க்கிறவர் கண் அசைவின் பின்னால் போய்விடும், வெட்டு தெரியாது. அசைவு முடிந்து எல்லாம் நின்ற பிறகு வெட்டினால் பளிச்சென்று தெரியும்.

இதற்கு ஸ்பாட்டில் ஒரு ஆள் வேண்டும். எந்தக் கை, எந்த வார்த்தையில் தூக்கினான், டீ எவ்வளவு மிச்சம் என்று குறித்துக்கொள்ளும் ஆள். உதவி இயக்குநர்களின் வேலைகளிலேயே ரொம்பச் சலிப்பான வேலை இதுதான், ஆனால் எடிட்டர் முதலில் தேடுவதும் அந்த நோட்டைத்தான். "விற்கிறதுன்னா வித்துடு" என்பதில் 'வித்துடு' வரும்போது கிளாஸைத் தூக்கினான் என்று எழுதி வைத்துவிட்டால், எட்டாவது டேக்கிலும் அதே இடத்தில் தூக்க வைக்கலாம். அப்புறம், ஆக்‌ஷன் சொல்வதற்கு முன் சில விநாடியும் கட் சொல்வதற்கு முன் சில விநாடியும் கேமரா ஓடட்டும். வசனம் முடிந்ததும் நிறுத்திவிட்டால், வசனத்துக்குப் பிறகு முகத்தில் வரும் நல்ல விஷயம் போய்விடும்.

ஷாட் அளவும் லென்ஸும்

ஒரே ஆளை இடுப்புக்கு மேல் காட்டும் மிட் ஷாட்டிலிருந்து, அதே ஆங்கிளில் கொஞ்சமே நெருங்கிய இன்னொரு மிட் ஷாட்டுக்கு வெட்டினால் படம் குதித்தது போல இருக்கும். ஆங்கிள் 30 டிகிரியாவது மாற வேண்டும், ஷாட் அளவும் தெளிவாக மாறினால் நல்லது. "பிரெஞ்சு இயக்குநர் கோதார் செய்தாரே" என்று ஒருவர் எப்போதும் கேட்பார். அவர் வேண்டுமென்றே செய்தார், படம் முழுக்கச் செய்தார். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் குதித்தால் அதை ஸ்டைல் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

செல்போனில் எடுப்பவர்கள் முகத்துக்கு நெருக்கமாகப் போனைக் கொண்டுபோய் க்ளோஸ் எடுக்கிறார்கள். அதன் மெயின் லென்ஸே வைட் (அகலக் கோணம்) தான். மூக்கு பெரிதாகும், காது பின்னால் போகும். இரண்டடி பின்னால் வந்து, 2எக்ஸ் வைத்து எடுத்துப் பாருங்கள். ஃப்ரேமின் கீழ்க் கோடு முழங்கால், மணிக்கட்டு போன்ற மூட்டுகளில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறதா? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால் அது 1/60-க்கோ வேறு எதற்கோ போய்விடும்.

இன்னொன்று பலரை எடிட்டில் அழ வைப்பது. பல போன்கள் ஃப்ரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே பதிவு செய்யும். தனி ரெக்கார்டரில் எடுத்த ஒலியை இதோடு சேர்த்தால் முதலில் உதடு பொருந்தும், போகப் போக விலகும். எடிட்டைத் தொடங்கும் முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டால் தலைவலி இல்லை.

எடிட்டில் செய்யும் தவறுகள்

பேசுகிறவர் முகத்தையே காட்டிக்கொண்டிருப்பதுதான் முதல் தவறு. அண்ணன் பேசினால் அண்ணன், தங்கை பேசினால் தங்கை, திரும்ப அண்ணன். ஒரு நிமிடத்தில் அலுத்துவிடும். அண்ணன் வீட்டை விற்கலாம் என்கிறான். காட்சி அவன் வாயில் இல்லை, கேட்கிற தங்கை முகத்தில் இருக்கிறது. அவன் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தங்கைக்கு வெட்டினால் அது எல் கட். தங்கை முகம் வருவதற்கு முன்பே அவள் குரல் தொடங்கினால் அது ஜே கட். டைம்லைனில் படமும் ஒலியும் L, J என்ற ஆங்கில எழுத்துகளின் வடிவில் நிற்பதால் வந்த பெயர்கள். முகத்தை எந்த ஷாட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறோமோ அந்த அர்த்தத்தை அது எடுத்துக்கொள்ளும் என்பதை ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் நூறு வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார். ஒரே நடிகரின் ஒரே முகத்தை சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினாராம். பார்த்தவர்கள் நடிகரின் பசியையும் துக்கத்தையும் பாராட்டினார்களாம்.

ஒலியை விட்டுவிடுவது இரண்டாவது. ஒரு ஷாட்டில் ஃபேன் சத்தம் இருக்கும், அடுத்ததில் இருக்காது. படம் ஒட்டினாலும் காது வெட்டைக் காட்டிக்கொடுக்கும். எல்லோரையும் அமைதியாக நிற்க வைத்து, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை 30 விநாடி பதிவு செய்து கொண்டுவாருங்கள். ரூம் டோன் என்ற அந்த ஒரு துண்டு காட்சி முழுக்கக் கீழே ஓடினால் பாதிப் பிரச்சினை தீரும்.

டிரான்சிஷன், எஃபெக்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் பயிற்சியில் வெறும் கட் போதும். பிடித்த பின்னணி இசையை முதலிலேயே போட்டுவிட்டு வெட்டுவதையும் விடுங்கள். சோகத்தை இசை செய்துகொண்டிருக்கும், காட்சி செய்கிறது என்று ஏமாந்துவிடுவோம். மெமரி கார்டை இரண்டு இடத்தில் காப்பி எடுக்காமல் ஃபார்மேட் செய்யாதீர்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு விதிகளை ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளும் மாணவர் செய்யும் தவறு ஒன்று உண்டு. தங்கை உண்மையிலேயே உடைந்துபோன டேக் ஒன்று இருக்கும். அதில் டீ கிளாஸ் பாதி காலி, முந்தைய ஷாட்டில் நிறைய. கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி) இல்லை என்று அந்த டேக்கைத் தூக்கிவிட்டு, கிளாஸ் சரியாக இருக்கும் சுமாரான டேக்கை வைப்பார்கள். எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு நல்ல வெட்டுக்கு மதிப்பெண் பிரித்திருக்கிறார்: உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10, கண் போகும் இடத்துக்கு 7. லைன் போன்ற திரைத்தள விஷயங்களுக்கு 5, ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற இடத் தொடர்ச்சிக்கு 4. எல்லாம் கிடைக்காதபோது கீழிருந்து விட்டுக்கொண்டு வரச் சொல்கிறார். தங்கை உடைந்த டேக்கை டைம்லைனில் திரும்பப் போடுங்கள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது டீயின் அளவை யாரும் பார்க்கப் போவதில்லை. அப்படியும் உறுத்தினால், ரோட்டைப் பார்த்து எடுத்த அந்தக் கட்டவே இருக்கிறதே.