நன்கொடைச் சிலையும் பொது நிலமும்: நினைவுச் சின்ன விவாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனின் வடபகுதியில் உள்ள நியூயிங்டன் கிரீன் என்னும் சிறிய பசுந்திடலில், 2020 நவம்பர் 10 அன்று மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் நினைவாக ஒரு சிற்பம் திறக்கப்பட்டது. பெண்களுக்கும் அறிவை வளர்க்கும் கல்வி வேண்டும் என்று 1792ஆம் ஆண்டிலேயே நூல் எழுதி வாதாடியவர் அவர். 1784இல் அந்தத் திடலை ஒட்டியே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கியவர். அவருக்கு அங்கே ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று விரும்பியவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பாடுபட்டு, நன்கொடையாகவே சுமார் 1,43,000 பவுண்டு திரட்டினார்கள். திரை விலகிய சில மணி நேரத்திலேயே பெரும் சர்ச்சை மூண்டது. கரிய கற்பீடத்தின் மேல் வெள்ளி நிற வெண்கலம் அலையலையாகத் திரண்டு எழுகிறது. அதன் உச்சியில் ஒரு சாண் அளவே தோன்றும், ஆடையற்ற பெண்ணுருவம் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. எழுத்தாலும் சிந்தனையாலும் வாழ்ந்த ஒருவரை நினைவுகூர இந்த நிர்வாண உருவம் எதற்கு என்று கேட்டவர்களில் பலர், அந்தக் குழுவின் நோக்கத்தை மனமார ஆதரித்த பெண்களே. சிலர் நேரில் சென்று அந்தச் சிறிய உருவத்துக்குச் சட்டையும் போர்த்திவிட்டு வந்தார்கள்.

பத்து ஆண்டு உழைப்பு இப்படி ஒரே நாளில் கசப்பாக மாறியதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. இத்தகைய கசப்புகளில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியதே என்பதால்தான் இதை எழுதுகிறேன். தனியார் பணத்தில் பொது இடத்தில் சிலை வைக்க முனைவோரும், அதை அனுமதிக்கும் உள்ளாட்சியும், எதிர்க்கும் பகுதிவாசிகளும் செய்யும் தவறுகள் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான தவறு, ‘பணம் எங்களுடையது, ஆகவே சிலையும் எங்களுடையது, கேள்வி கேட்க மற்றவர்களுக்கு உரிமையில்லை’ என்ற எண்ணம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிளசன்ட் குரோவ் என்ற நகரத்தின் பூங்காவில், ஒரு தனியார் சங்கம் 1971இல் நன்கொடையாக அளித்த பத்துக் கட்டளைகள் கல்வெட்டு நின்றிருந்தது. சம்மும் என்ற சிறிய சமய அமைப்பு, தன் கொள்கைகளைப் பொறித்த கல்லுக்கும் அதே பூங்காவில் இடம் தர வேண்டும் என்று வழக்குத் தொடுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009இல் அந்தக் கோரிக்கையை நிராகரித்தபோது சொன்ன காரணம் நம் விவாதத்தின் வேரையே தொடுகிறது: யார் பணம் கொடுத்திருந்தாலும், நிரந்தரமாக நிற்கும் ஒரு நினைவுச் சின்னத்தைப் பூங்காவில் ஏற்றுக்கொண்ட கணத்திலிருந்து அதன் வழியாகப் பேசுவது அரசாங்கமே. அப்படியானால் அந்தப் பேச்சு எதுவாக இருக்க வேண்டும் என்று கேட்க, ஒரு காசும் கொடுக்காத குடிமகனுக்கும் உரிமை உண்டு. இந்தியாவிலோ சட்டம் இன்னும் இறுக்கமானது. பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் பொதுப் பயன்பாட்டு இடங்களிலும் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி வழங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று உத்தரவிட்டது. இதை அறியாமல் சிலையை வார்த்து முடித்துவிட்டு, இடம் தேடி அலையும் குழுக்கள் உண்டு.

‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா’ என்பார்கள். பொது இடத்துச் சிலையைப் பொறுத்தவரை, பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் செலரோன் என்னும் சிற்றூர், நகைச்சுவை நடிகை லூசில் பால் வளர்ந்த ஊர். அவருடைய நினைவுப் பூங்காவுக்குக் கொடையாளிகள் 2009இல் ஒரு வெண்கலச் சிலை அளித்தார்கள். அது அவரைப் போலவே இல்லை என்பது பார்த்தவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் ஊர் ஏற்றுக்கொண்டது. 2015இல் நாடே அந்தச் சிலையைக் கண்டு முகம் சுளித்த பிறகு, 2016 ஆகஸ்டில் வேறொரு சிற்பி வடித்த புதிய சிலை வைக்கப்பட்டது. பழையது அதே பூங்காவில் வேறிடத்துக்கு நகர்ந்தது. ஏற்பதற்கு முன் ஒரு மாதம் பொறுத்து, சிற்பியைத் திருத்தச் சொல்லியிருந்தால் யார் மனமும் புண்பட்டிருக்காது.

மீண்டும் நியூயிங்டன் கிரீனுக்கு வருகிறேன், ஏனெனில் அங்கே நிகழ்ந்த தவறுகள் நுட்பமானவை. முதலாவது, நன்கொடையைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது. பணம் கொடுத்தவர்கள் மேரி என்ற பெயருக்காகக் கொடுத்தார்கள். இந்த வடிவத்துக்காக அல்ல. போட்டி வைத்து, ஆலோசனை கேட்டுத்தான் 2018இல் சிற்பி மேகி ஹாம்ப்ளிங்கைத் தேர்ந்தெடுத்தோம் என்று குழுவினர் சொன்னார்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் ஆலோசனைக் கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஆர்வம் கொண்டவர்கள். அந்தத் திடலைக் கடந்து தினமும் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாயின் கண்ணுக்கு மாதிரி எட்டியதா என்பதே கேள்வி. ‘சம்மதித்தவர்கள் இத்தனை பேர்’ என்று எண்ணிக்கை காட்டுவதைவிட, எந்தெந்தத் தெருக்களில் யார் யாரைக் கேட்டோம் என்று காட்ட முடிவது முக்கியம்.

இரண்டாவது, ‘யாருக்கு நினைவுச் சின்னம்’ என்ற கேள்வியையும் ‘எப்படிப்பட்ட நினைவுச் சின்னம்’ என்ற கேள்வியையும் ஒன்றாகப் பிசைந்துவிட்டது. இது மேரியின் சிலை அன்று, மேரிக்காகச் செய்த சிற்பம் என்பதே சிற்பியின் விளக்கம். பீடத்தின் எழுத்தும் மேரிக்காக என்றுதான் சொல்கிறது. ஆடை ஒருவரை ஒரு காலத்துக்குள் அடைத்துவிடும் என்பதால் உருவத்துக்கு ஆடையில்லை என்றும் அவர் சொன்னார். மதிக்கத்தக்க வாதம் அது. ஆயினும் மேரியின் முகத்தைப் பார்க்கலாம் என்று பத்து ஆண்டுகளாகக் காத்திருந்தவர்களுக்கு, ‘முகம் இருக்காது’ என்று தொடக்கத்திலேயே யாராவது உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். குழு ஒன்று சேரும் முதல் நாளிலேயே, ‘நாம் உருவச் சிலை கேட்கிறோமா, கருத்துருவச் சிற்பம் கேட்கிறோமா’ என்று ஒரு வரியில் முடிவெடுத்து, நன்கொடைச் சீட்டிலேயே அதை அச்சிட்டுவிடுவது நல்லது. வடிவத்தை விமர்சிப்பவரை, சிலைக்குரிய தலைவரின் எதிரி என்று முத்திரை குத்துவதும் இந்தக் குழப்பத்தின் இன்னொரு முகமே. நம் ஊர்களில் இந்த முத்திரைக்கு அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை.

விமர்சித்தவர்கள் பக்கமும் ஒரு தவறு இருந்தது. திறப்பு நடந்தபோது இங்கிலாந்தில் கொரோனா ஊரடங்கு. பெரும்பாலோர் கண்டது நெருக்கமாக எடுத்த புகைப்படங்களையே. அவற்றில் உச்சியிலிருந்த சிறு உருவம் மட்டும் சட்டகத்தை நிறைத்து நின்றது, அதைத் தாங்கி எழும் பெரிய வெண்கலத் திரள் வெட்டுண்டு போனது. முப்பரிமாணப் பொருளை ஒரே படத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எப்போதுமே அவசரம். சுற்றிவந்து பார்க்க முடியாத நிலையில், நான்கு புறங்களிலிருந்தும் எடுத்த படங்களையாவது கேட்டு வாங்கிப் பார்த்திருக்கலாம்.

மாதிரியைக் காட்டும் விதத்தில் நேரும் பிழையை நானே ஒருமுறை கண்டிருக்கிறேன். ஒரு சிற்றூரில் சிலைக்குழுக் கூட்டம். ஒரு முழ உயரக் களிமண் மாதிரியை மேசைமேல் வைத்திருந்தார்கள். நாங்கள் இருபது பேரும் நின்றபடி அதைக் குனிந்து பார்த்தோம், முகம் அமைதியாக, அழகாக இருந்தது, எல்லோரும் தலையசைத்தோம். சிலை ஆளுயரப் பீடத்தின் மேல் ஏறியதும், கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரிந்ததோ தாடையின் அடிப்பாகமும் மூக்குத் துவாரமும் முன்னே நீண்டிருந்த கையும்தான். அந்த மாதிரியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துப் பார்க்கும் எண்ணம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றே: பீடத்தோடு சேர்த்து முழு உயரத்துக்கு ஒரு பிளைவுட் பலகையை வெட்டி, சிலை வரப்போகும் அதே இடத்தில் ஒரு வாரம் நட்டு வையுங்கள். நிழல் எங்கே விழுகிறது, பேருந்து நிறுத்தம் மறைகிறதா, பூக்காரம்மாள் தட்டு வைக்கும் இடம் பறிபோகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

களிமண்ணாக இருக்கும்போது திருத்துவது எளிது. வெண்கலமாக வார்த்த பிறகு மிகக் கடினம். நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் வரலாற்றுப் பெண் எவருக்கும் சிலை இல்லை என்ற குறையைத் தீர்க்க, ஒரு தன்னார்வ அமைப்பு தனியார் நிதி திரட்டி, மெரிடித் பெர்க்மன் என்ற சிற்பியிடம் பணியை ஒப்படைத்தது. 2018இல் வெளியான வடிவத்தில் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய எலிசபெத் கேடி ஸ்டான்டன், சூசன் பி. ஆந்தனி ஆகிய இரு வெள்ளையினப் பெண்களே உருவங்களாக இருந்தார்கள். கறுப்பினப் பெண்களின் பெயர்கள் ஒரு நீண்ட சுருளில் எழுத்தாக மட்டும் இடம்பெற்றிருந்தன. உழைத்தவர்கள் ஓலையிலும் மற்றவர்கள் உருவிலுமா என்று எதிர்ப்பு எழுந்தது. சுருள் நீக்கப்பட்டது, அடிமையாகப் பிறந்து உரிமைகளுக்காகப் போராடிய கறுப்பினப் பெண் சோஜர்னர் ட்ரூத்தின் உருவம் 2019இல் சேர்க்கப்பட்டது, மூவரும் ஒரு மேசையைச் சுற்றி இருக்கும் சிற்பம் 2020 ஆகஸ்ட் 26 அன்று திறக்கப்பட்டது. ட்ரூத்தை அந்த இருவரோடு சேர்த்துக் காட்டியது வரலாற்றை இனிப்பாக்குகிறது என்ற விமர்சனம் பிறகும் தொடர்ந்தது, அதில் நியாயமும் இருக்கிறது. எனினும் எதிர்ப்பைத் தாக்குதலாகக் கருதாமல் வடிவத்தைத் திறந்து வைத்திருந்த அந்த ஓராண்டுதான் அந்தச் சிற்பத்தைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம்.

பீடத்தில் பொறிக்கும் வாசகத்தில் பலர் போதிய கவனம் செலுத்துவதில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் எட்வர்ட் கோல்ஸ்டன் என்ற வணிகருக்கு 1895இல் எழுப்பிய சிலை, அந்நகர மக்களால் தங்கள் ஊரின் மிகச் சிறந்த நற்பண்பும் அறிவும் கொண்ட மைந்தர்களுள் ஒருவருக்கு அமைக்கப்பட்டது என்று தன் பீடத்தில் பறைசாற்றியது. உண்மையில் ஒரு தொழிலதிபர் முன்னின்று நிதி கேட்டும், தொகை எளிதில் சேரவில்லை. அடிமை வணிகத்தில் கோல்ஸ்டனுக்கு இருந்த பங்கைப் பற்றி அந்தப் பீடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதைச் சொல்லும் இரண்டாவது பலகை வைக்க 2018இல் முயன்றபோது, வாசகத்தின் மேல் இழுபறி மூண்டு, முயற்சி 2019இல் நின்றுபோனது. 2020 ஜூன் 7 அன்று சிலை கயிறு கட்டி இழுக்கப்பட்டுத் துறைமுக நீரில் வீழ்ந்தது. ‘பொதுமக்கள் அமைத்தது’ என்று எழுதுமுன் அது மெய்தானா என்று கேளுங்கள். கொடையாளர் குழுவின் பெயரைப் போட்டு, ‘இவர்கள் அமைத்தார்கள்’ என்று எழுதுவதில் இழுக்கு ஒன்றுமில்லை.

அண்டை வீட்டாரை எதிராளியாகப் பார்ப்பது இன்னொரு பெரும் தவறு. தமிழர்களாகிய நமக்கு இது நேரடி அனுபவம். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகே தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் அமைந்த திருவள்ளுவர் சிலை 1991இல் திறக்கப்படுவதாக இருந்து, கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் தடைபட்டு, 18 ஆண்டுகள் மூடிக் கட்டிய நிலையிலேயே நின்றது. அந்த வழியாகப் போன தமிழர்களுக்கு அந்தத் துணிப்பொதி தந்த வேதனையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால், எங்கள் மொழிக்கு உங்கள் ஊரில் என்ன மதிப்பு என்ற அவர்களின் கேள்வியை வெறும் வெறுப்பு என்று ஒதுக்கியதும் நாட்களை நீட்டியது. 2009 ஆகஸ்ட் 9 அன்று வள்ளுவர் சிலையை முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்து, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையைக் கர்நாடக முதல்வர் எடியூரப்பா திறந்துவைத்தார். இரு தரப்புக்கும் மதிப்புத் தந்த அந்த யோசனை, 1991இலேயே யாராவது சங்கத்தின் சார்பில் எதிர்ப்பாளர்களின் வாசலுக்குச் சென்று பேசியிருந்தால் வந்திருக்கக்கூடிய ஒன்றுதான்.

எதிர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாயம் பூசுவதும் உடைப்பதும் வாதத்தை அன்றோடு முடித்து, காவல்துறை விவகாரமாக்கிவிடுகிறது. அதைப் போலவே, இடமாற்றமோ கூடுதல் விளக்கப் பலகையோ போதும் என்ற நிலையில் ‘அகற்று’ என்ற ஒற்றைச் சொல்லில் நின்றுவிடுவதும் தவறு. ஆட்சேபத்தை எழுத்தில், தேதியோடு, எந்த அம்சம் உறுத்துகிறது என்று குறிப்பிட்டுக் கொடுத்தால் மறுதரப்பு பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பராமரிப்பு எப்போதும் கடைசியில்தான் பேசப்படுகிறது. வெண்கலம் பச்சை பூக்கும், பறவை எச்சம் படியும், பீடத்துக் கல் விரிசல் விடும், விளக்கு அணையும். திறப்பு விழா மேடைக்கும் மாலைக்கும் செலவிட்ட குழு, ஐந்தாண்டு கழித்துக் கலைந்திருக்கும். பொறுப்பு சத்தமில்லாமல் உள்ளாட்சியின் தலையில் விழும். ஆகவே நன்கொடையில் ஒரு பங்கை வைப்புத்தொகையாக ஒப்படைத்த பிறகே இடம் ஒதுக்க வேண்டும். சிலையின் உரிமை யாருக்கு, ஆண்டுக்கு எத்தனை முறை துப்புரவு, சாலை விரிவாக்கம் வந்தால் எங்கே மாற்றுவது, அகற்ற நேர்ந்தால் யார் முடிவெடுப்பது, அகற்றிய சிலையை யார் ஏற்றுக்கொண்டு எங்கே வைப்பது என்ற விவரங்கள் ஒவ்வொன்றும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டு, வார்ப்பாலைக்கு முன்பணம் போவதற்கு முன்பே இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.