டாலி விளக்குகளுக்கு முகவரி கொடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

பழைய கட்டடங்களில் எந்தச் சுவிட்சுக்கு எந்த விளக்கு என்பதைச் சுவருக்குள் ஓடும் வயர்தான் முடிவு செய்யும். ஒரு கூடத்தை இரண்டு அறைகளாகத் தடுத்தால் சுவரையும் உடைக்க வேண்டியிருக்கும். டாலி என்ற டிஜிட்டல் முறையில் அந்தத் தொல்லை இல்லை. எல்லா விளக்குகளையும் ஒரே ஜோடி வயரில் இணைத்துவிட்டு, எது எதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதை மென்பொருளில் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இதற்கான சர்வதேசத் தரம் ஐஇசி 62386.

முதல் படி காகிதத்தில். கூரையின் வரைபடத்தை அச்சிட்டு எல்லா விளக்குகளையும் அதில் குறியுங்கள். ஒரு டாலி இணைப்பில் விளக்குகளுக்கு 64 முகவரிகள்தான், 0 முதல் 63 வரை. நான் 50ஐத் தாண்ட மாட்டேன். பிறகு ஒரு விளக்கு கூடுதலாகக் கேட்காத கட்டட உரிமையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த ஜோடி வயருக்கு மின்சாரம் தரும் சாதனம் அதிகபட்சம் 250 மில்லி ஆம்பியர் வரை தரலாம். எல்இடியை இயக்கும் டிரைவர் ஒவ்வொன்றும் 2 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். சென்சார்கள் அதைவிட அதிகம் எடுக்கக்கூடும், அவற்றின் தரவுத்தாளைப் பார்த்துக் கூட்டுங்கள்.

இரண்டாவது, வயரிங். இதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், ஆனால் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். டாலி வயருக்கு நேர், எதிர் முனை வேறுபாடு கிடையாது. கிளை பிரிக்கலாம், நட்சத்திர வடிவில் இழுக்கலாம். வளையமாக மூட மட்டும் கூடாது. 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் 300 மீட்டர் வரை போகலாம். வீட்டு மின்சாரம் போகும் அதே கேபிளுக்குள் டாலி வயரையும் கொண்டுசெல்ல அனுமதி உண்டு. அதனாலேயே, மின்னழுத்தம் குறைவுதானே என்று வெறுங்கையால் தொடாதீர்கள். மெயின் லைனுக்குத் தரும் மரியாதையை இதற்கும் தர வேண்டும்.

பலர் தாவிவிடும் இடம் அடுத்தது. மென்பொருளைத் திறப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். டாலி வயரில் சுமார் 16 வோல்ட் நேர்மின்னோட்டம் தெரிய வேண்டும் (9.5 முதல் 22.5 வரை சரி). பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட், அல்லது சப்ளை வரவில்லை. மெயின் அழுத்தம் தெரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள், யாரோ வயரை மாற்றிச் சொருகியிருக்கிறார்கள். அளவு சரியாக இருந்தால், எல்லோருக்குமான பொதுக் கட்டளையாக ‘அணை’ என்று அனுப்புங்கள். முகவரி இல்லாத டிரைவரும் இதற்குக் கீழ்ப்படியும். எரிந்துகொண்டே இருக்கும் விளக்குக்கு டாலி வயர் போய்ச் சேரவில்லை என்று பொருள். தொடர்பு அறுந்தால் முழு வெளிச்சம் தருவதுதான் டிரைவர்களின் இயல்பான அமைப்பு.

இப்போது முகவரி. மென்பொருளில் ‘தேடு’ பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு டிரைவரும் தனக்கென ஒரு 24 பிட் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்துக்கொள்ளும். விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் கண்ட்ரோலர் அவற்றில் சிறிய எண்ணிலிருந்து தேடிப்பிடித்து 0, 1, 2 என்று முகவரி கொடுக்கும். இந்த வரிசைக்கும் கூரையில் விளக்குகள் இருக்கும் வரிசைக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. ஆகவே ஒவ்வொரு முகவரியையும் மினுக்கச் செய்து, எந்த விளக்கு மினுக்குகிறது என்று பார்த்து, வரைபடத்தில் எண்ணை எழுத வேண்டும். கழுத்து வலிக்கும் வேலை. ஒருவர் கணினியிலும் ஒருவர் அறையிலும் நின்றால் சீக்கிரம் முடியும்.

இதற்குப் பிறகு எல்லாம் சுலபம். விளக்குகளைக் குழுக்களில் சேருங்கள். 16 குழுக்கள் உண்டு, ஒரே விளக்கு பல குழுக்களில் இருக்கலாம். ‘கூட்டம்’, ‘திரைக்காட்சி’ போன்ற வெளிச்ச அமைப்புகளையும் 16 வரை சேமிக்கலாம். டாலியில் வெளிச்ச அளவை எண்ணாகக் கொடுக்க வேண்டும்; 254 என்றால் முழு வெளிச்சம். 127 என்றால் பாதி என்று நினைத்துவிடாதீர்கள், அது ஏறக்குறைய 3 சதவீதம்தான்! நம் கண் வெளிச்சத்தை உணரும் விதத்திற்கு ஏற்ப அந்த வளைவை அமைத்திருக்கிறார்கள். பாதி வேண்டுமானால் 229.

பகல் வெளிச்ச சென்சாரை மேசை, நாற்காலி வந்த பிறகே சரிசெய்யுங்கள். வெறும் தரை வெளிச்சத்தைத் திருப்பியனுப்புவது வேறு, மேசை அனுப்புவது வேறு. சென்சார் ஜன்னலை நேராகப் பார்க்கவும் கூடாது.

கடைசியாக, அமைப்பு முழுவதையும் கோப்பாகச் சேமித்து, வரைபடத்தின் நகலை மின்பெட்டிக்குள் ஒட்டுங்கள். ஒருமுறை பழுதான டிரைவருக்குப் பதிலாக அலமாரியில் கிடந்த ஒன்றை மாட்டினேன். அது முன்பு வேறொரு தளத்தில் வேலை செய்தது. அங்கே பெற்ற 7 என்ற முகவரியை மறக்கவில்லை. இங்கேயும் ஒரு 7 இருந்தது. நடைவழியில் ஒரு விளக்கை மங்கச் செய்தால் கூட்ட அறையிலும் ஒன்று மங்கியது. அரை நாள் வயரைச் சந்தேகித்த பிறகுதான் புரிந்தது. பழைய டிரைவரை மாட்டுவதற்கு முன் தனியாக இணைத்து அதன் பழைய முகவரியை அழித்துவிடுங்கள்.