மழையில் சைக்கிளா? நனையாமல் இருக்கப் பார்ப்பதுதான் முதல் தவறு

சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களில் சிலர் அந்த மூன்று மாதமும் வண்டியை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிடுவார்கள். மற்றவர்கள் எப்படியாவது நனையாமல் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கிளம்புவார்கள். சிக்கலில் மாட்டுவது இவர்கள்தான். நம்மூர் மழையில் நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம்; நனையாமல் இருக்கச் செய்யும் வேலைகள்தான் ஆளைக் கீழே தள்ளும்.

குடையையே எடுத்துக்கொள்ளுங்கள். இடது கையில் குடை, வலது கையில் ஹேண்டில்பார் என்று போகிறவர் எல்லாத் தெருவிலும் உண்டு. நம்மூர் சைக்கிள்களில் வலது பிரேக் பெரும்பாலும் முன் சக்கரத்துக்கு. திடீரென்று ஓர் ஆட்டோ குறுக்கே திரும்பினால் கையில் இருப்பது அந்த முன் பிரேக் மட்டும்தான். ஈரத் தாரில் அதை ஒரேயடியாக இறுக்கினால் முன் சக்கரம் வழுக்கும். பின் சக்கரம் வழுக்கினாலாவது சமாளிக்கலாம். முன் சக்கரம் போனால் யோசிக்கக்கூட நேரம் இருக்காது.

சரி, ரெயின்கோட்? போர்வை மாதிரித் தொங்குவதை வாங்காதீர்கள். அதன் முனை செயினிலோ சக்கரத்திலோ சிக்கும். தலையை மூடும் தொப்பியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. நீங்கள் திரும்பிப் பார்த்தால் தலை திரும்பும், தொப்பி திரும்பாது. பின்னால் வரும் பேருந்துக்குப் பதில் ரெக்சின்தான் கண்ணில் படும். போதாக்குறைக்கு, காற்றுப் புகாத கோட்டுக்குள் கொஞ்ச தூரத்திலேயே வியர்வையில் குளித்திருப்பீர்கள். அதற்குப் பேசாமல் மழையிலேயே குளிக்கலாம். பழைய டி-ஷர்ட்டும் ஷார்ட்ஸும் நனையட்டும். அலுவலக உடை, துண்டு, காகிதங்களை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அப்புறம் பைக்குள் வையுங்கள். பையின் மேலே மட்டும் உறை மாட்டினால் முதுகு வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும்.

அடுத்தது பிரேக். ரிம்மைப் பிடிக்கும் கட்டை பிரேக் என்றால், லீவரை அழுத்தியதும் கட்டை முதலில் ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைக்கும். அதற்குப் பிறகுதான் பிடிக்கும். அதற்குள் வண்டி சில அடி முன்னே போயிருக்கும். பழைய பாணி சைக்கிள்களின் பளபளக்கும் இரும்பு ரிம் இந்த விஷயத்தில் அலுமினிய ரிம்மைவிட ரொம்ப மோசம். சிக்னல் தூரத்தில் தெரியும்போதே லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொண்டே வாருங்கள். சாலையில் வரைந்த வெள்ளைக் கோடு, மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடு, பாதாளச் சாக்கடை மூடி ஆகியவற்றின் மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் தூறல்தான் கூடுதல் ஆபத்து. சாலையில் படிந்த எண்ணெய் அப்போது கழுவிப்போகாமல் மேலே மிதக்கும்.

தேங்கிய தண்ணீரில் வண்டிக்காரர்களுக்கு வழிவிட்டு ஓரமாகப் போவதும் தவறுதான். மழைநீர்க் கால்வாயும் திறந்த குழியும் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும். சாலையின் நடுப்பகுதி கொஞ்சம் மேடு. தண்ணீருக்கு நடுவே மரக்கிளையோ பழைய டயரோ நட்டு வைத்திருந்தால், புண்ணியவான் யாரோ மூடி இல்லாத குழிக்கு அடையாளம் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். மின்சாரப் பெட்டியின் அடிப்பாகம் முங்கியிருந்தால் அந்தத் தெருவே வேண்டாம். சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் ஆழம் பார்க்கவே இறங்காதீர்கள். காலில் புண் இருந்தால் தேங்கிய நீரில் கால் வைக்காமல் இருப்பது நல்லது. எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும்.

நவம்பரில் 5.45-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கறுப்பு உடையில், பின்விளக்கு இல்லாமல் வருகிறவரை மழை வழியும் கண்ணாடி வழியாகக் கார் ஓட்டுபவர் பார்க்கவே முடியாது.

வீடு வந்ததும் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுப் போவதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். காலையில் செயின் செந்நிறமாகியிருக்கும். ஈரச் செயினில் எண்ணெய் விட்டால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். பழைய பனியன் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, வெளியே வழிவதைத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் அடுத்த மழையிலேயே கழுவிப்போகும். சைக்கிள் கடையில் ஈரச் சாலைக்கென்று விற்கும் கெட்டியான எண்ணெய்தான் சரி.

பெடல் அச்சு முங்கும் அளவுக்குத் தண்ணீரில் போயிருந்தால் இன்னொரு வேலையும் இருக்கிறது. சீட் நிற்கும் உயரத்தைக் குறித்துக்கொண்டு சீட் கம்பியை உருவுங்கள். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால், உள்ளே போன தண்ணீர் அந்தக் குழாய் வழியாக வடியும். பெடல் சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பால்ரஸைக் கழற்றி கிரீஸ் மாற்றச் சொல்லுங்கள். மழைக்காலம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் அச்சையே மாற்ற வேண்டியிருக்கும்.