ஆர்ட்டீமியா பொரிப்பதில் கோட்டை விடும் இடங்கள்

ஆர்ட்டீமியா என்பது மீன் குஞ்சுகளுக்கு உயிரோடு கொடுக்கும் பொடி இறால் போன்ற உப்புநீர் உயிரி, அதன் காய்ந்த முட்டையை டப்பாவில் வாங்கி நாமே பொரிக்க வேண்டும். அது பொரியவில்லை என்றால் பழி முதலில் முட்டை டப்பாமேல்தான் விழும். சில நேரம் அது நியாயம்தான். ஈரக்காற்று பட்ட முட்டை சீக்கிரம் கெட்டுப்போகும். இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஆனால் ஒழுங்காகப் பொரிந்த குஞ்சுகளை நேரம் தவறி எடுத்து வீணாக்குகிறவர்கள்தான் அதிகம்.

உப்பைக் கண்ணளவாகப் போடாதீர்கள். லிட்டருக்கு 25 கிராம், நிறுத்துப் போடுங்கள். அயோடின் கலந்த உப்பு ஆகாது என்று ஒரு பயம் உண்டு. அந்தத் துளி அயோடின் ஒன்றும் செய்துவிடாது. கவலைப்பட வேண்டியது தண்ணீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு பற்றி. அது 8க்குக் கீழே போனால் பொரிப்பு குறையும். ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறவர்கள் ஒரு சிட்டிகை ஆப்பசோடா சேர்த்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பொடிக் குமிழியாக்கும் ஏர் ஸ்டோன் வேண்டாம். பொடிக் குமிழி நுரை கட்டி, முட்டைகளைப் பாட்டில் சுவரில் ஏற்றி ஒட்டிவிடும். கவிழ்த்து வைத்த பெட் பாட்டிலின் அடிவரை ஏர் பம்பின் வெறும் டியூபை விட்டாலே போதும், பெரிய குமிழிகள் எல்லாவற்றையும் சுழற்றிக்கொண்டே இருக்கும். முதல் சில மணி நேரம் நல்ல வெளிச்சம் படட்டும். சூடு 28 டிகிரி இருந்தால் நல்லது. 33ஐத் தாண்டினால் முட்டைக்குள் வளர்ச்சி நின்றுவிடும். அதனால் மே மாதச் சென்னையில் மொட்டைமாடி அறையில் பாட்டிலை வைக்காதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் 18 முதல் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். பெரிய தவறு நடப்பது இதற்குப் பிறகுதான். "இன்னும் கொஞ்சம் பொரியட்டுமே" என்று மறுநாள்வரை விட்டுவிடுகிறார்கள். புதிதாகப் பொரிந்த குஞ்சு எதையும் தின்னாது. உடம்பில் இருக்கும் மஞ்சள்கருவை வைத்துத்தான் பிழைக்கும். அந்த ஆரஞ்சு நிறம்தான் மீன் குஞ்சுக்கு நாம் கொடுக்கும் சத்து. சுமார் எட்டு மணி நேரத்தில் ஆர்ட்டீமியா குஞ்சு தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போகும். பிறகு சத்து கரைந்துகொண்டே போகும், நிறம் வெளிறும், நீச்சலும் வேகமாகும். ஃபைட்டர் மீன் குஞ்சு அதைத் துரத்தியே களைத்துப்போகும். ஒரே வேளையில் தீராது என்றால், எடுத்த குஞ்சுகளை உப்புத் தண்ணீரோடு அகலமான டப்பாவில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு நாளுக்குள் கொடுத்து முடியுங்கள்.

அடுத்தது ஓடு. பாட்டிலில் இருப்பதை அப்படியே தொட்டியில் கவிழ்க்கிறவர்கள் உண்டு. முட்டை ஓடு செரிக்காது, சின்ன மீன் குஞ்சின் குடலை அடைத்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். ஓடு மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் தங்கும். கீழ்ப்பக்கம் ஒரு விளக்கை வைத்தால் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திரளும். டியூபால் உறிஞ்சி எடுத்துவிடலாம். ரொம்ப நேரம் அப்படியே விட்டால் நெரிசலில் மூச்சு முட்டிச் செத்துவிடும். எடுத்ததை மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஆர்ட்டீமியா நன்னீரில் சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும் என்பதால், மீன் குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரிந்தால் அந்த வேளைக்கு அது போதும்.

மிஞ்சியதைப் பெரிதாக வளர்க்கலாம், இரண்டு மூன்று வாரம் ஆகும். அங்கே கெடுப்பது தீனிதான். ஆர்ட்டீமியா தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிரி. தூத்துக்குடி உப்பளங்களில் அது பாசியைத் தின்று தானாகவே வளர்கிறது. நாம் போடும் ஸ்பைருலினா பாசிப் பொடியையோ ஈஸ்டையோ கரைத்து, துணியில் வடித்து, தண்ணீர் லேசாகக் கலங்கும் அளவுக்கு மட்டும் ஊற்ற வேண்டும். அது தெளியும்வரை மறுபடி ஊற்றக் கூடாது. தண்ணீர் ஆவியானாலும் உப்பு அங்கேயேதான் இருக்கும், ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள். அப்புறம், வளர்ந்த ஆர்ட்டீமியாவில் குஞ்சில் இருக்கும் அளவுக்குக் கொழுப்புச் சத்து கிடையாது. மீனுக்குப் போடும் முன் அதற்கு ஒரு வேளை ஸ்பைருலினா கொடுத்துவிடுங்கள்.