ஆல்பத்தில் காசு நழுவாமல், சுழலாமல், கீறாமல் இருக்க

வேலூர் கத்திரி வெயிலில் வெளியே போக மனமில்லாத ஒரு மதியம், பீரோவிலிருந்து காசு ஆல்பத்தை உருவினேன். டங்கென்று ஓர் ஓட்டைக் காலணா தரையில் விழுந்து கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. துடைப்பத்தால் தள்ளி எடுத்து வந்து பக்கத்தைப் புரட்டினால், 1862 வெள்ளி ரூபாயில் விக்டோரியாவின் கன்னத்தில் புதுசாக ஒரு கீறல். இரண்டுக்கும் காரணம் நான்தான். அந்த ஆல்பம் முழுவதையும் பிரித்து மறுபடி அடுக்கிய முறை இது.

பக்கத்தை முகர்ந்து பாருங்கள்

பிளாஸ்டிக் பக்கத்தில் புது ரெயின்கோட் வாசனை அடித்தால் அது பெரும்பாலும் பி.வி.சி. வெயில் காலத்தில் அதிலிருந்து கசியும் பசை செம்புக் காசிலும் வெள்ளியிலும் பச்சையாகப் படியும். பாலிபுரோப்பிலீன் என்று போட்ட பக்கங்களை வாங்குங்கள். பச்சை ஏற்கெனவே படிந்திருந்தால் சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ வேண்டாம். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் உதவாது, அதில் வேறு சரக்குகளும் கலந்திருக்கும். புளி, விபூதி பக்கம் போகவே போகாதீர்கள்.

அளவு

ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டரை, அதாவது டூ பை டூவை, எப்படி மடிப்பது என்று சொல்லப்போவதில்லை, கையில் எடுத்தாலே புரியும். ஜன்னல் அளவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். ஜன்னல் பெரிதாக இருந்தால் காசு உள்ளே சுழலும், தலை சாயும், ஓரம் தேயும். சின்னதாக இருந்தால் ஓரம் அட்டைக்குள் மறைந்துவிடும். காசைவிட அரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை கூடுதலாக இருந்தால் போதும். 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணா 21 மி.மீ. சொச்சம், அதற்கு 22.5 ஜன்னல். பத்து ரூபாய் இரட்டை உலோகக் காசு 27, அதற்கு 27.5. வெள்ளி ரூபாய் 30.5, அதற்கு 32.5. சதுர ஐந்து பைசா, அறுகோண இருபது பைசா எல்லாம் மூலைக்கு மூலை அளக்க வேண்டும். அளக்க, காசை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் என்ற அளவுகோலில் பிளாஸ்டிக்கில் செய்ததை வாங்குங்கள், இரும்புக் காலிப்பரின் வாய் காசைக் கடிக்கும்.

பின் அடிப்பது

கீறல் விழுந்தது இங்கேதான். ஸ்டேப்ளர் அழுத்தினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பின்னின் கால்கள் பின்பக்கம் வளைந்து, கொஞ்சம் புடைத்தபடி நிற்கும். ஆல்பத்தை மூடும்போது அந்தப் புடைப்பு எதிர்ப்பக்கத்துக் காசின்மேல் போய் உட்காரும். ஜன்னலில் ஒட்டியிருக்கும் மைலார் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் மிக மெல்லியது, எவ்வளவுதான் தாங்கும்?

இப்போது செய்வது இப்படி. வருஷத்தையும் விவரத்தையும் காசு வைப்பதற்கு முன்பே அட்டையில் எழுதிவிடுகிறேன். காசை ஓரத்தில் பிடித்து நடுவில் வைத்து, தலை நேராக நிற்கும்படி திருப்பி, மடித்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஒரு முறை பின்பக்கமும் பார்ப்பேன். மடிப்பு இல்லாத மூன்று பக்கமும் ஒவ்வொரு பின், காசிலிருந்து நன்றாகத் தள்ளி. பிறகு குறடால் ஒவ்வொரு பின்னையும் மட்டமாகும்வரை நசுக்குவேன். விரலை ஓட்டிப் பார்த்தால் எதுவும் தட்டக் கூடாது. காசை வெளியே எடுக்க நேர்ந்தால் முதலில் எல்லாப் பின்களையும் கழற்றுங்கள். அட்டையைப் பிய்த்து இழுத்தால் பின் முனை காசை ஒரு இழுப்பு இழுத்துவிடும்.

பசை ஒட்டும் ஹோல்டர் எனக்குப் பிடிக்காது. நம்ம ஊர்ச் சூட்டில் பசை இளகி ஓரத்தில் பிசுபிசுக்கிறது. வேறு ஊரில் சரியாக இருக்கலாம்.

பைக்குள்

என் ஓட்டைக் காலணா ஹோல்டரே இல்லாமல் ஆல்பப் பக்கத்தின் வெறும் பையில் கிடந்தது, விழாமல் என்ன செய்யும்! ஹோல்டரில் போட்டாலும் பையின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி ஆல்பத்தைப் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். கனத்த வெள்ளிகளை ஒரே பக்கத்தில் திணித்தால் வளையத் துளை கிழியும், அதனால் பிரித்துப் போடுங்கள்.

நவாப் காலத்துச் சின்னத் தடித்த செம்புக் காசுகளுக்கு இந்த முறை ஒத்துவராது. ஆற்காட்டின் பெயரில் ஆங்கிலேயக் கம்பெனியும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களும் அடித்த ரூபாய்களும் அப்படித்தான், வட்டமும் சரியிருக்காது, தடிமனும் கூடுதல். அட்டையில் போட்டால் மைலார் கிழிகிறது. அவற்றை நுரை வளையம் வைத்த வட்டமான கேப்சூல் டப்பாவில் தனியாக வைத்திருக்கிறேன்.

பின்னால் சேர்த்தது: பீரோவில் அந்துருண்டை போடலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஆல்பம் இருக்கும் தட்டில் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். இன்னொருவர் ஹோல்டர்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தாராம். ரப்பரில் கந்தகம் உண்டு, வெள்ளி கறுத்துவிடும். இன்றே கழற்றுங்கள்.