நகரமே நடத்தும் குடிநீர், மின்சார நிறுவனம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நகரம் தன் மக்களுக்குக் குடிநீரையும் மின்சாரத்தையும் தானே வழங்கும்போது, பில் கட்டுபவரும் நிறுவனத்தின் உரிமையாளரும் அதை நடத்துவோரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளரும் ஒருவரே ஆகிறார். லாபம் ஊரைவிட்டு வெளியே போவதில்லை; குறை இருந்தால் நகர்மன்றத்தில் போய் நேரிலேயே கேட்கலாம். இத்தனை அனுகூலம் இருந்தும் இத்தகைய நிறுவனங்கள் தடுமாறும்போது, காரணம் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கக் காண்கிறோம். செய்யும் செலவு உடனே கண்ணுக்குத் தெரிகிறது. செலவைத் தள்ளிப்போட்டதன் விளைவு பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே தெரிகிறது. மன்றத்தின் பதவிக்காலமோ நான்கைந்து ஆண்டுகள்தான். கீழே சொல்லப்படும் தவறுகளில் பல இந்த இடைவெளியில் முளைத்தவை.

கட்டணத்தைத் தொடாமல் வைத்திருப்பது

கட்டணத்தை உயர்த்தாமல் இருப்பதே மக்களுக்குச் செய்யும் உதவி என்று மன்ற உறுப்பினர்கள் நினைப்பது இயல்பு. ஆனால் செலவு ஆண்டுக்கு 4 சதவீதம் கூடினால், ஆறே ஆண்டுகளில் மொத்த உயர்வு 26 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதுவரை கட்டணத்தைத் தொடாத மன்றம், பிறகு அந்த 26 சதவீதத்தையும் ஒரே ஆண்டில் கேட்க நேர்கிறது. அந்தச் சுமையைத் தாங்கச் சிறிதும் வழியில்லாதவர்கள், யாருக்காகக் கட்டணம் தொடப்படவில்லையோ அந்த ஏழைக் குடும்பங்களே. ஆண்டுதோறும் சிறிதளவு உயர்த்துவதும், வசதி குறைந்தவர்களுக்கான சலுகையைக் கணக்கில் தனி இனமாக, எல்லாரும் பார்க்கும்படி வைப்பதும் இதைவிட நேர்மையான வழி என்பது என் உறுதியான எண்ணம்.

இடையில் கிடைக்காத பணத்துக்கு முதலில் பலியாவது பராமரிப்புதான். 600 கிலோமீட்டர் குழாய் உள்ள ஒரு நகரம் ஆண்டுக்கு 3 கிலோமீட்டர் மட்டும் மாற்றினால், முழுவதையும் மாற்றி முடிக்க 200 ஆண்டுகள் ஆகும். அந்தக் குழாய்களில் பெரும்பாலானவை அதில் பாதிக் காலம் தாங்கினாலே பெரிது. இந்த எளிய வகுத்தல் கணக்கைக்கூடப் பல மன்றங்களின் முன் யாரும் போட்டுக் காட்டுவதில்லை. வரவுசெலவு அறிக்கையில் தேய்மானம், அதாவது குழாயும் கருவியும் ஆண்டுதோறும் இழக்கும் மதிப்பு, ஒரு வரியாக இருக்கும். அந்த வரிக்குரிய பணம் உண்மையில் ஒதுக்கப்பட்டதா என்று கேட்பவர் இல்லாததால், அது தாளில் மட்டும் இருந்துவிடுகிறது.

இரண்டு சேவைக்கும் ஒரே பணப்பை

மின்சாரத்தில் மிஞ்சும் பணத்தைச் சாலைக்கும் பூங்காவுக்கும் திருப்புவது பல நகரங்களில் வழக்கம். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. தனியார் நிறுவனமாக இருந்திருந்தால் நகரத்துக்கு வரி கட்டியிருக்கும் அல்லவா? ஆனால் எவ்வளவு எடுக்கலாம் என்பதை வருவாயில் இத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே விதியாக எழுதி வைக்காவிட்டால், பொது நிதியில் துண்டு விழும் ஒவ்வோர் ஆண்டும் கை அந்தப் பையை நோக்கியே நீளும்.

இதன் மறுபக்கம் இன்னும் நுட்பமானது. மின் பிரிவும் குடிநீர்ப் பிரிவும் ஒரே நிறுவனம் என்பதால், நீரேற்று நிலையத்துக்குப் போகும் மின்சாரத்துக்கு மீட்டர் வைக்காமல், அல்லது வைத்தும் பில் போடாமல் விடுவார்கள். நம் பணம் நம்மிடம்தானே வருகிறது என்பது அதற்குச் சொல்லும் சமாதானம். தேய்ந்துபோன ஒரு பம்பின் செயல்திறன் 75 சதவீதத்திலிருந்து 55 சதவீதத்துக்கு இறங்கினால், அதே அளவு தண்ணீரை அதே உயரத்துக்கு ஏற்ற ஏறத்தாழ 36 சதவீதம் கூடுதல் மின்சாரம் தேவை. மாதந்தோறும் பில் வந்தால் அந்த உயர்வு குடிநீர்ப் பொறியாளரின் கண்ணில் படும். பில்லே இல்லையென்றால் பம்ப் ஓடிக்கொண்டிருப்பது மட்டுமே தெரியும். தெருவிளக்குக்கும் இதே விதி பொருந்தும். இரண்டு பிரிவுக்கும் தனித்தனிப் பேரேடு வேண்டும், ஒன்றுக்கொன்று முறையான விலையில் பில்லும் போட வேண்டும்.

ஒன்றை ஒன்று நம்பியிருப்பதை மறப்பது

இரண்டு சேவையையும் ஒரே நகரம் நடத்துவதன் மிகப் பெரிய வசதி, மின்சாரம் போனால் முதலில் எங்கே திரும்பி வர வேண்டும் என்பதை நகரமே முடிவு செய்யலாம் என்பது. இந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவது வருத்தத்துக்குரியது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டின் நகரில் மின்சாரமும் குடிநீரும் நகரத்துக்கே சொந்தம். 2021 பிப்ரவரியில் அங்கு வந்த கடுங்குளிர்ப் புயலின்போது, 17ஆம் தேதி நகரின் பெரிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மின்சாரம் நின்றது. உறைந்து வெடித்த குழாய்களால் நீரழுத்தம் ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த நேரம் அது. நகரம் முழுவதும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி அன்றே அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு நீரேற்று நிலையமும் எந்த மின்பாதையில், எந்தத் துணைமின் நிலையத்திலிருந்து மின்சாரம் பெறுகிறது என்ற பட்டியல் இரண்டு பிரிவுகளின் கட்டுப்பாட்டு அறையிலும் இருக்க வேண்டும். முக்கியமான நிலையங்களுக்கு வெவ்வேறு துணைமின் நிலையங்களிலிருந்து இரண்டு வழிகள் தேவை. சுழற்சி முறையில் மின்வெட்டு செய்யும்போது அந்த மின்பாதைகளை விலக்கி வைப்பதும் அவசியம். ஜெனரேட்டரைச் சோதிக்கும்போது வெறுமனே பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது சோதனை ஆகாது. அது தரும் மின்சாரத்தில் பம்பை ஓட்டிப் பார்த்தால்தான் அது சுமை தாங்குமா, டீசல் எத்தனை மணி நேரத்துக்கு வரும் என்பது தெரியும்.

அளவுக்கு மீறிக் கட்டுவது, ஒன்றும் ஏற்பாடு செய்யாமல் விடுவது

மின்சாரக் கொள்முதலில் இரண்டு எதிரெதிரான தவறுகள் உண்டு. முதலாவதற்கு அமெரிக்க வாஷிங்டன் மாநிலப் பொது மின்வழங்கல் அமைப்பின் வரலாறு பாடமாக நிற்கிறது. தேவை பெருகிக்கொண்டே போகும் என்ற கணிப்பை நம்பி, 1970களில் ஐந்து அணுமின் நிலையங்களைக் கட்டத் தொடங்கினார்கள். அவற்றில் நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நகராட்சிகளும் கூட்டுறவுகளும் உட்பட 88 அமைப்புகள், மின்சாரம் வந்தாலும் வராவிட்டாலும் பணம் கட்டுவதாகக் கையெழுத்திட்டிருந்தன. தேவை கணித்தபடி வளரவில்லை; கட்டுமானச் செலவோ பலமடங்கானது. 1982இல் அந்த இரண்டும் கைவிடப்பட்டன. 1983இல் 225 கோடி டாலர் கடன் பத்திரங்கள் மீது அமைப்பு தவணை தவறியது. அந்நாட்டு உள்ளாட்சிக் கடன் வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய தவறுகை நிகழ்ந்ததில்லை. ஐந்தில் ஒன்றே ஒன்றுதான் கட்டி முடிக்கப்பட்டது. தேவை கணிப்பை ஒரே எண்ணாக மன்றத்தின் முன் வைப்பதே தவறு. குறைந்த வளர்ச்சி, நடுத்தர வளர்ச்சி, மிகை வளர்ச்சி என்று மூன்றையும் வைத்து, குறைந்தது மட்டுமே நடந்தால் கடனை யார் கட்டுவது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கேட்க வேண்டும்.

இரண்டாவது தவறு, அன்றாடச் சந்தை விலையை நம்பி இருந்துவிடுவது. மேலே சொன்ன அதே குளிர்ப் புயலில் டெக்சாஸ் மின்சார மொத்த விற்பனைச் சந்தையின் விலை, அப்போது அனுமதிக்கப்பட்டிருந்த உச்சமான மெகாவாட் மணிக்கு (அதாவது 1,000 யூனிட்டுக்கு) 9,000 டாலரில் நாள்கணக்கில் நின்றது. யூனிட் கணக்கில் சொன்னால் ஒரு யூனிட் 9 டாலர். டென்டன் நகரின் சொந்த மின் நிறுவனம் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் 20 கோடி டாலருக்கு மேல் மின்சாரம் வாங்க நேர்ந்தது. நீண்டகால ஒப்பந்தம், குறுகியகால ஒப்பந்தம், சொந்த உற்பத்தி, சந்தை என்று பிரித்து வைப்பதோடு, மோசமான ஒரு வாரத்தைத் தாங்கும் ரொக்கக் கையிருப்பும் வேண்டும். அந்தக் கையிருப்பைச் சும்மா கிடக்கும் பணம் என்று யாராவது மன்றத்தில் சொல்லத் தொடங்கினால், அன்றைக்கே எழுந்து மறுக்க வேண்டும்.

பதிவேட்டில் எழுதுவதை அளந்ததாக நம்புவது

எல்லாவற்றிலும் எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான், ஏனென்றால் இங்கே விலை உயிர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் ஒரே பொதுச்சேவை ஆணையம்தான் குடிநீரையும் மின்சாரத்தையும் கவனித்துவந்தது. 2000 மே மாதம் பெய்த கனமழையில் மாட்டுச் சாணத்தின் கிருமிகள் ஒரு கிணற்றுக்குள் இறங்கின. ஏழு பேர் இறந்தனர்; 2,300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்.

விசாரணையில் வெளிவந்த ஒரு விவரத்தை இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். தண்ணீரில் எஞ்சியிருக்கும் குளோரின் அளவை அன்றாடம் சோதித்து எழுத வேண்டிய தாளில், பெரும்பாலும் சோதிக்காமலேயே 0.5 என்றோ 0.75 என்றோ எழுதி வந்தார்கள். கிணற்று நீரின் குளோரின் அளவு ஒவ்வொரு நாளும் இப்படி வட்டமான எண்ணாக, மாறாமல் இருக்காது. அந்தத் தாளை வாங்கி ஒரு மாதத்துப் பதிவை வரிசையாகப் பார்த்திருந்தாலே சந்தேகம் எழுந்திருக்கும். ஆணைய உறுப்பினர்கள் மேலாளரின் வார்த்தையை நம்பினார்கள், தாளைக் கேட்கவில்லை. கிருமி இருப்பதாக ஆய்வகம் தெரிவித்த பிறகும் நிறுவனம் அதைச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லவில்லை.

குளோரின் அளவு வெறும் சடங்குக்காக எழுதும் எண் அன்று. அழுக்கு உள்ளே வந்தால் அது குளோரினைத் தின்றுவிடுகிறது; எஞ்சிய அளவு சட்டென்று இறங்குவதே முதல் அபாய அறிவிப்பு. ஆகவே தொடர்ந்து அளந்து, குறைந்தால் பம்பைத் தானாக நிறுத்தும் கருவியைப் பொருத்துவதும், ஆய்வக முடிவு நிறுவனத்துக்கும் சுகாதார அலுவலருக்கும் ஒரே நேரத்தில் போகும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுவதும் கட்டாயம். மன்ற உறுப்பினர்கள் வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மூலப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்கும் துணிவு வேண்டும், அப்படிக் கேட்பதை அதிகாரிகள் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

இதே வரிசையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரமும் வருகிறது. மாநில அரசு நியமித்த நிர்வாகத்தின்கீழ், செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் நீர் ஆதாரத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள்; குழாய் அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் வீடுகளின் குழாய்த் தண்ணீருக்கு இறங்கியது. ஆதாரத்தை மாற்றுவது வேதியியலை மாற்றுவது என்பதால், புதிய தண்ணீரைப் பழைய குழாய்த் துண்டுகளில் பல மாதம் ஓடவிட்டுப் பார்க்காமல் எந்த நகரமும் அந்த முடிவை எடுக்கலாகாது.

சிறியவை என்று விடப்படுபவை

பம்புகளை இயக்கும் கணினிக் கட்டுப்பாட்டுக் கருவியை இணையத்தில் திறந்துவிட்டு, தயாரிப்பாளர் கொடுத்த கடவுச்சொல்லை அப்படியே வைத்திருப்பதும், மின்மாற்றி பழுதான பிறகு ஆர்டர் கொடுப்பதும் (இப்போது அது வந்து சேர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்) எளிதில் தவிர்க்கக்கூடியவை. பழைய நீர் மீட்டர்கள் வயதாக ஆகக் குறைவாகவே ஓடும் என்பதால், அதிகம் பயன்படுத்தும் இணைப்புகளின் மீட்டர்களை முதலில் மாற்றுவது நல்லது.

வால்வுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பல நகரங்களில் எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது, எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்பது ஓய்வுபெறப் போகும் இரண்டு மூன்று ஊழியர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. பிரதான குழாய் உடையும் இரவில் வால்வு கிடைக்காவிட்டால், ஒரு தெருவுக்கு நிறுத்த வேண்டிய தண்ணீரை அரை நகரத்துக்கு நிறுத்த வேண்டி வரும். அவர்கள் ஓய்வுபெறுவதற்கு ஓராண்டு முன்பே இளையவர் ஒருவரை உடன் அனுப்பி, ஒவ்வொரு வால்வையும் திருகிப் பார்த்து, எத்தனை சுற்றில் மூடுகிறது, அசைய மறுப்பவை எவை என்பதை வரைபடத்தில் குறிக்கச் செய்ய வேண்டும். அசையாதவற்றை மாற்றும் பணிக்கான தொகையையும் அதே ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும்.